மேற்குச் சுவரின் கடைசிக் கட்டம்

அத்தா,

சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். அடுப்புச் சாம்பலை எடுத்துத் தேய்த்தும் பார்த்தேன். கையிலிருந்து நீலகிரித் தைலத்தின் வாசம் போகவில்லை. உங்கள் மார்பில் அம்மா தேய்த்துவிடுவாளே, அதே தைலம். உங்கள் மெத்தைப் பஞ்சு முழுக்க அது ஊறிப்போய் இருந்திருக்கிறது. எனக்கு இன்று மத்தியானம்தான் தெரிந்தது.

நாளைக் காலையில் பெரியத்தா வண்டியோடு வருவார். மெத்தையைத் தூக்கும்போது அது வெறும் துணியும் கோணியுமாகக் கையோடு வரும். யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். அடுப்படியில் உட்கார்ந்து சிம்னி விளக்கின் திரியைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரியம்மா அம்மாவுக்குத் துணையாக இங்கேயே தங்கியிருக்கிறார். அவருக்கு லேசான தூக்கம். பேனா மூடியைத் திறந்தால்கூடப் புரண்டு படுக்கிறார்.

விளக்கை அறைக்குள் கொண்டுபோகவில்லை. பஞ்சுச் சுவர் பக்கம் விளக்கு வரக் கூடாது என்று நீங்கள் போட்ட சட்டத்தை நாங்கள் இன்னும் மீறவில்லை.

நாம் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு நினைவு தெரிந்த வயது. கருங்கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், மேலே ஓடு. பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடக்கிற தூரம் என்று சொல்லி நீங்கள் பிடித்த வீடு. சித்திரையில் மேற்குச் சுவர் தோசைக்கல் மாதிரி காயும் என்பதை வீட்டுக்காரம்மா அப்போது சொல்லவில்லை. பகல் முழுக்க வாங்கிய வெயிலை அந்தக் கல் விடியும்வரை எங்கள் மேல் விட்டுக்கொண்டே இருக்கும். மார்கழியில் அதே சுவர் ஐஸ் கட்டியாகிவிடும். வெளியே ஒரு தென்னங்கீற்றுப் பந்தலாவது போட்டுக்கொள்கிறோம் என்று நீங்கள் கேட்டபோது வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"உள்ள நீங்க என்ன வேணாலும் பண்ணிக்குங்க பாய். வெளிய எங்க புளி காயற எடம். ஒரு ஆணி அடிக்கக் கூடாது, ஆமா."

அதனால்தான் எதுவானாலும் உள்ளே செய்ய வேண்டியதாயிற்று.

பஞ்சு அடிக்கிற வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு நீங்கள் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று பஸ் ஏறிப் போவீர்கள். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, திரும்பத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய வருவீர்கள். புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அம்மா உங்களைக் கூடத்தில் உட்காரவைத்துத் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் இருவரும் சண்டை போடுவீர்கள், சிரிப்பீர்கள், கூலிக் கணக்கு பேசுவீர்கள்.

சில நாள் வேறு மாதிரி ஒரு மூட்டை வரும். யாராவது இறந்துபோன வீட்டில் அவர் படுத்திருந்த மெத்தையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். "எடுத்துட்டுப் போயிருங்க பாய், எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று தந்துவிடுவார்கள். வேறு மெத்தைக்காரர்கள் அந்தப் பஞ்சை அடித்துப் புது மெத்தையில் கலந்துவிடுவதாக ஊரில் பேச்சு உண்டு. நீங்கள் கலக்கவே மாட்டீர்கள். தனிக் கோணியில் கட்டி மூலையில் போட்டுவிடுவீர்கள். நான் உங்களோடு ஒருமுறை பாலக்கோடு வந்தபோது ஒருவர் புது மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாரே, நினைவிருக்கிறதா?

"பாய், இது யாரும் செத்த பஞ்சு இல்லையே? ராத்திரி பக்கத்துல வந்து யாராச்சும் படுத்துக்கப் போறாங்க."

"உங்க வூட்டுக்காரம்மா படுக்கறதுக்கு மட்டும்தாங்க அதுல எடம் வுட்டிருக்கேன்" என்றீர்கள். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மூலையில் மூட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. எரிக்க உங்களுக்கு மனசு வரவில்லை, விற்க வாய் வரவில்லை. "நம்ம படுக்கவே எடமில்ல, செத்தவங்களுக்கெல்லாம் எடம் குடுத்து வெச்சிருக்கீங்க" என்று அம்மா முணுமுணுப்பாள்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. நாம் தொழ நிற்பது மேற்கே பார்த்து. பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் வெயிலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். தொழுதுவிட்டு எழுந்த அம்மாவின் முகம் அடுப்பின் முன்னால் இருந்தவள் மாதிரி சிவந்திருந்தது. "நெத்தி கீழ வெக்கறப்போ அல்லா நெனப்பு வர்ல, பானைத் தண்ணி நெனப்புதான் வருது" என்றாள். நீங்கள் எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தீர்கள். சுட்டு எடுக்கும்வரை வைத்திருந்தீர்கள்.

"இதுக்கு ஒரு மெத்தை போட்டா என்ன?"

"சுவரு எப்பங்க படுத்துச்சு, அதுக்கு மெத்தை போட?"

நீங்கள் மூலையில் இருந்த மூட்டைகளைப் பார்த்தீர்கள். அம்மாவும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"செத்தவங்க பஞ்சையா? நம்ம நிக்கற பக்கமா?"

"நீ சுவத்தையா தொழுவுற?" என்று கேட்டீர்கள். பிறகு, "பஞ்சுக்கு ஆளு தெரியாது. வெயிலு தெரியும், பனி தெரியும், அவ்வளவுதான்" என்றீர்கள்.

முதல் தடவை நீங்கள் செய்தது தப்பாகப் போயிற்று. கல் இடுக்கில் முளை அடித்து, கோணியைச் சுவரோடு ஒட்டித் தைத்து, உள்ளே பஞ்சைத் திணித்தீர்கள். மெத்தையின் மூலையை இறுக்குவதுபோலக் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தீர்கள். அந்தக் கோடை முழுக்க அறை கிணற்றடி மாதிரி இருந்தது. நீங்கள் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சுவரைத் தொடச் சொன்னீர்கள். ஐப்பசி மழை பிடித்தது. ஈரக் கோழி இறகு மாதிரி ஒரு நாற்றம் வந்தது. கோணி மேல் கரும்புள்ளிகள் கிளம்பின. ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையை விட்டீர்கள். பிசைந்த மாவு மாதிரி பஞ்சு வந்தது. கல் இடுக்கில் இறங்கிய மழையை எல்லாம் பஞ்சு குடித்து வைத்திருந்தது.

அம்மா திட்டுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "மெத்தைக்காரன் புத்தியக் காட்டிட்டேன் பாரு. இறுக்கி அடைச்சாத்தான் நல்ல மெத்தை. சுவத்துக்கு அது ஆகாது கண்ணு. கல்லுக்கும் மூச்சு வேணும்."

தை மாத வெயிலில் எல்லாப் பஞ்சையும் காயவைத்துத் திரும்ப அடித்தீர்கள். அந்த நாட்களில் நம் வீட்டுக்குள் வில்லின் நாண் சத்தம் ஓயவே இல்லை. கல் இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசினீர்கள். ரீப்பர் கட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தினீர்கள். கல்லுக்கும் கோணிக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து விட்டீர்கள். சந்து இருக்கிறதா என்று என் இரண்டு விரலைத்தான் விட்டுப் பார்ப்பீர்கள், உங்கள் விரல் பருமன் என்று. மேலே ஓட்டுக்குக் கீழே அந்தச் சந்தை மூடாமல் வைத்தீர்கள். கோணியின் இந்தப் பக்கம் காய்ந்த வேப்பிலை, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் கோடு போட்ட மெத்தைத் துணி. ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவில் ஒவ்வொரு கட்டமாகத் தைத்துக்கொண்டு வந்தீர்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "இவரு பாலக்கோட்டுல வெல்ல மண்டி வெச்சிருந்தாரு. தங்கமான மனுசன், வெயில வுட மாட்டாரு." "இந்தம்மா பென்னாகரம். பேரப் புள்ளைங்களை மாருலயே போட்டு வளத்தவங்க. பனிக்கு இந்தம்மாதான் சரி." அரூர் பஸ் டிரைவர் ஒருவரும் இருந்தார். அவர் கட்டத்துக்குப் பக்கத்தில் படுத்தால் ஆரன் சத்தம் கேட்கும் என்று நானே நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் எப்படியோ தெரிந்துவிட்டது. "உங்க அப்பா வூடு பூரா பேய அடைச்சு வெச்சிருக்காராமே? எண்ணிப் படுப்பியா நீ?" என்று கேட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் எழுந்து தள்ளி உட்கார்ந்தாள். நான் அழுதுகொண்டு வந்து சொன்னேன். என் கையைப் பிடித்து வெல்ல மண்டிக்காரர் கட்டத்தில் வைத்தீர்கள். பிறகு இன்னும் தைக்காத வெறுங்கல்லில் வைத்தீர்கள். நான் சுரீரென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"இப்ப சொல்லு. உன்னைச் சுட்டது யாரு?"

அதன் பிறகு மார்கழியில் நான் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் படித்தேன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு எல்லாம் அப்படித்தான்.

கடைசிக் கட்டம் ஒன்று மட்டும் மிச்சம் நின்றது. அம்மா தொழுகைப் பாய் விரிக்கிற இடத்துக்கு நேர் எதிரே. ரீப்பர் அடித்து, கோணி விரித்து, வேப்பிலை வைக்கும்போது பஞ்சு தீர்ந்துவிட்டது. புதுப் பஞ்சைச் சுவருக்குப் போட நமக்கு வசதி இல்லை. "இன்னும் ஒருத்தரு போனாத்தான் இது முடியும் கண்ணு. யாரும் போவ வேணாம். இது இப்படியே கெடக்கட்டும்" என்று ஊசியைக் கூரையில் செருகினீர்கள். மழை போய், பனி போய், மறுபடி மழை வந்தது. ஊசியை நீங்கள் எடுக்கவில்லை.

உங்கள் இருமலை நாங்கள் முதலில் பஞ்சுத் தூசு என்றுதான் நினைத்தோம். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி வில்லைத் தொடக் கூடாது என்றார்கள். வாழ்நாள் முழுக்க நீங்கள் கோரைப் பாயில்தான் படுத்தீர்கள். எலும்பு குத்துகிறது என்று நீங்கள் சொன்ன பிறகு, விற்பனைக்கு ஒதுக்கி வைத்திருந்த நல்ல இலவம் பஞ்சை எடுத்து அம்மா ஒரு மெத்தை தைத்தாள். நீங்கள் படுத்துக்கொண்டே கையால் விளிம்பைத் தடவிப் பார்த்து, "தையல் கோணல். ஆனா படுக்க நல்லாத்தான் இருக்குது. ஊருக்கெல்லாம் இதையா குடுத்தேன் நான்?" என்றீர்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாசி மாதம் அந்த மெத்தையிலேயே போய்விட்டீர்கள்.

இறந்தவர்களின் மெத்தையை எடுத்துப்போக எல்லோரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். உங்கள் மெத்தையை எடுத்துப்போக யாரைக் கூப்பிடுவது என்று அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுருட்டி மூலையில் வைத்தார்கள். மூட்டைகள் இருந்த அதே மூலை.

அம்மா இத்தா இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகக் கூடாது, பிற ஆண்கள் முன்னால் வரக் கூடாது. இந்த ஒரு அறைதான் அவளுக்கு. பங்குனி முடிந்து சித்திரை பிறந்துவிட்டது. மத்தியானத்தில் தெருவே வேப்ப மரத்தடிக்குப் போய்விடுகிறது, அம்மாவால் போக முடியாது. சுவரின் மற்ற கட்டங்கள் எல்லாம் குளிர்ச்சியாக இருக்கின்றன. கடைசிக் கட்டம் மட்டும் திறந்த அடுப்புபோல அனலை அவள் முகத்தில் ஊதுகிறது. பாயைத் தள்ளிப் போடச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள், தள்ளிப் போடவில்லை. முந்தாநாள் தொழுது எழும்போது சுவரைப் பிடிக்கப்போய்த் தடுமாறி விழுந்தாள். பெரியம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். அப்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் போனதிலிருந்து அவள் பேசியதெல்லாம் ஆமாம், இல்லை, வேண்டாம் என்பவைதான்.

நேற்றுப் பெரியத்தா வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை அத்தா. உங்கள் செருப்பைப் பார்த்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் போகும்போது சொன்னார்: "அவன் படுக்கைய இன்னும் இங்க வெச்சிருந்தா இவ அதையே பாத்துப் பாத்து உருகிப் போயிருவா. வெள்ளிக்கெழமை வண்டி கொண்டாறேன். செங்கல் சூளையில போட்டுர்லாம்."

நீங்கள் எந்தப் பஞ்சையும் எரித்ததில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன். "பெரியவங்க பேசறப்ப என்ன?" என்று பெரியம்மா என் கையைக் கிள்ளினார்.

இன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் அம்மா அசந்து தூங்கினாள். பெரியம்மா சந்தைக்குப் போனார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையிலிருந்த ஊசியை எடுத்தேன். துருப்பிடித்திருந்தது. மெத்தையின் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கையை விட்டேன். பயமாகத்தான் இருந்தது. வெல்ல மண்டிக்காரரிடமும் டிரைவரிடமும் எனக்கு இருந்த பயம் இல்லை அது. உள்ளே பஞ்சு நீங்கள் படுத்த இடத்தில் பள்ளமாக அமுங்கி இறுகியிருந்தது, தோள் ஒரு இடம், இடுப்பு ஒரு இடம். அதைப் பிய்த்தால் அந்தப் பள்ளம் போய்விடும். பிய்க்காமல் சுவருக்குள் வைக்க முடியாது. வெகுநேரம் அப்படியே கையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அம்மா தூக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு புரண்டாள். நான் பிய்க்க ஆரம்பித்தேன்.

வில் அடிக்க எனக்குத் தெரியாது. விரலாலேயே உதிர்த்தேன். விரலை விட்டுச் சந்தைப் பார்த்தேன், இரண்டு விரல் இருந்தது. இறுக்கவில்லை. குச்சியால் குத்தவில்லை. நீங்கள் மிச்சம் வைத்திருந்த துணியை மூடித் தைக்கும்போது ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. எல்லாவற்றையும் வைத்துவிட்டேன் என்று சொன்னால் பொய். தோள் பக்கத்துப் பஞ்சில் இரண்டு பிடி எடுத்து என் புத்தகப் பைக்குள் மறைத்துவைத்தேன். மெத்தைத் துணியை முன்பு இருந்த மாதிரியே சுருட்டி, உள்ளே பழைய கோணியைத் திணித்து, மூலையில் நிறுத்தினேன்.

அஸருக்கு அம்மா எழுந்தாள். பாயை அதே இடத்தில் விரித்தாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தொழுது முடித்தும் அவள் எழவில்லை. எதிரே சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டி உள்ளங்கையைக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள். நீங்கள் அன்றைக்கு வைத்தது மாதிரி. அவள் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் என்னைத் தலை பின்னக் கூப்பிட்டாள். நீங்கள் போன பிறகு பெரியம்மாதான் பின்னிவிடுகிறார். அம்மா கூப்பிட்டது இன்றுதான். அவள் முன்னால் உட்கார்ந்தேன். சீப்பு ஓடவில்லை. அவள் விரல் என் உச்சியில் எதையோ எடுத்தது. பிறகு காதோரம், பிறகு புருவம். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கியதைக் கீழே போடாமல் மடியில் சேர்த்துக்கொண்டாள். பெரியம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அம்மா குனிந்து என் காதில் சொன்னாள். குரல் உடைந்து, வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"மேல் மூலையில பஞ்சு எறங்கிப் போயிருக்குது பாரு. கை வெச்சா சுடுது. அங்க இன்னும் கொஞ்சம் வேணும்."

நான் குனிந்தபடி தலையை ஆட்டினேன்.

"பையில வெச்சிருக்கறதுல ஒரு பிடி வெய்யி, போதும். இன்னொண்ணு நீ வெச்சுக்க." மத்தியானம் அவள் தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"பெரியத்தா கேட்டாருன்னா?"

"கேக்கட்டும். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பேசுறேன். பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

பிறகு என் தலையைப் பின்னி முடித்தாள். மடியில் சேர்த்த பஞ்சைச் சுருட்டித் தன் முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

அம்மா பேசுவாள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் காலையில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். நீங்கள் இருந்திருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்து அனுப்பியிருப்பீர்கள். எனக்கு அந்த மாதிரி பேச வராது. உங்களிடமிருந்து எனக்கு வந்திருப்பது விரல் மட்டும்தான். இப்போது என் விரலும் உங்கள் விரல் பருமன் ஆகிவிட்டது, சந்தில் விடும்போது இடிக்கிறது.

ஒரு பிடியை இப்போது எடுத்து வைத்திருக்கிறேன். விடிந்ததும் பெரியம்மா தண்ணீருக்குப் போகும் நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி மேல் மூலையில் வைத்துத் தைத்துவிடுவேன். இன்னொரு பிடி பைக்குள் புத்தகங்களுக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கு அதோடுதான் பள்ளிக்கூடம் போவேன். பக்கத்தில் உட்காருகிறவள் வாசத்தைக் கேட்டால், அத்தாவின் தைலம் என்று சொல்வேன். தள்ளி உட்கார்ந்தால் உட்காரட்டும்.

பிற்காலத்தில் யாராவது என்னிடம் ஒவ்வொரு கட்டத்திலும் யார் யார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். வெல்ல மண்டிக்காரர், பென்னாகரத்து அம்மா, அரூர் டிரைவர். கடைசியில் நீங்கள்.

இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் அம்மா அங்கேதான் இருக்க வேண்டும். வெயிலை விட்டுவிடாதீர்கள் அத்தா.